செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு: உயிரியல் மீள்பார்வைக்கு ஒரு பாடம்

செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு என்பது, காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி மக்களை எந்த அளவுக்குக் காக்கிறது என்பதை அறிய 1968 முதல் நடத்தப்பட்ட மிகப் பெரிய கள ஆய்வாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை ஆகியவற்றின் ஒத்துழைப்புடன் இதை நடத்தியது. ஆய்வு நடந்த இடம் சென்னைக்கு மேற்கே, திருவள்ளூர் வட்டாரம். அன்று அது செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்ததால் உலக மருத்துவ நூல்களில் இந்த ஆய்வு 'செங்கல்பட்டு ஆய்வு' என்றே பெயர் பெற்றது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். ஆகவே கடம்பத்தூர், பூண்டி, கும்மிடிப்பூண்டி பகுதிப் பள்ளி மாணவர்களுக்கு இது சொந்த மாவட்டத்தின் வரலாறு.

நுரையீரலில் வரும் காசநோயிலிருந்து பெரியவர்களை பி.சி.ஜி. காப்பாற்றவில்லை என்பது இந்த ஆய்வின் முடிவு. இதைக் கேள்விப்பட்டவர்கள் இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்வது உண்டு. ஒன்று, "அப்படியானால் குழந்தைக்கு அந்த ஊசி வீண்" என்பது. மற்றொன்று, ஆய்வையே அறியாமல், "எனக்குக் கையில் தழும்பு இருக்கிறது, காசநோய் வராது" என்று இருப்பது. இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. இவை ஏன் தவறு என்று விளங்க வேண்டுமானால் மேல்நிலை, உயர்நிலை வகுப்புகளில் தனித்தனியாகப் படிக்கும் மூன்று பாடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை மனித உடல், சூழ்நிலை மண்டலம், உயிர்த்தொழில்நுட்பவியல்.

நோயும் கிருமியும்

காசநோயை உண்டாக்குவது மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்னும் கோல் வடிவ பாக்டீரியம். ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் இதைக் கண்டறிந்து 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். அந்த நாளே உலக காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உடலை உருக்கி மெலியச் செய்வதால் தமிழில் இதற்கு 'எலும்புருக்கி நோய்' என்ற பெயரும் வழங்கியது.

இந்தக் கிருமியின் இரண்டு இயல்புகளை நினைவில் வைத்தால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதலாவது, அதன் செல்சுவர். மைக்கோலிக் அமிலம் என்னும் மெழுகு போன்ற கொழுப்புப் பொருள் அதில் நிறைந்திருக்கிறது. இதனால் உலர்வு, சில கிருமிநாசினிகள், நம் செல்களின் செரிமான நொதிகள் ஆகியவற்றை இக்கிருமி மற்ற பல பாக்டீரியங்களைவிட நன்றாகத் தாங்குகிறது. சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, அமிலத்தால் கழுவிய பிறகும் இதன் சிவப்புச் சாயம் போகாது. இதைக் கொண்டே ஆய்வகத்தில் இதை அடையாளம் காண்கின்றனர்.

இரண்டாவது, அதன் மெதுவான வளர்ச்சி. எஷ்சரிச்சியா கோலை பாக்டீரியம் தகுந்த சூழலில் சுமார் 20 நிமிடங்களில் இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறத்தாழ 20 மணி நேரம் தேவை. எனவே ஆய்வகத்தில் இதை வளர்த்துக் காட்டப் பல வாரங்கள் ஆகும். மருந்தையும் ஆறு மாதம் போல் நீண்ட காலம் உட்கொள்ள வேண்டியிருக்கிறது.

நுரையீரலுக்குள் நடப்பது

நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் கலக்கின்றன. பெரிய துளிகள் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள கோழையில் ஒட்டிக்கொள்ளும். குற்றிழைகள் அவற்றை மேல் நோக்கித் தள்ளி வெளியேற்றும். மிகச் சிறிய துளிகள் மட்டும் மூச்சுக் கிளைக்குழல்களைத் தாண்டி, கோடிக்கணக்கில் உள்ள காற்று நுண்ணறைகளைச் சென்றடைகின்றன.

அங்கே காவலுக்கு இருப்பவை பெருவிழுங்கு செல்கள். அவை கிருமியை விழுங்குகின்றன. பொதுவாக விழுங்கப்பட்ட பாக்டீரியம் செல்லுக்குள் நொதிகளால் சிதைக்கப்படும். காசநோய்க் கிருமியோ, தன் மெழுகுச் சுவரின் துணையாலும் செல்லின் செரிமான வேலையைத் தடுக்கும் சில புரதங்களாலும் உள்ளேயே உயிரோடு இருந்து பெருகுகிறது. அதாவது, தன்னைக் கொல்ல வந்த செல்லையே குடியிருப்பாக்கிக்கொள்கிறது.

சில வாரங்களில் நிணநீர் கணுக்களில் இருந்து டி-லிம்போசைட்டுகள் வந்து சேர்கின்றன. அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் பெருவிழுங்கு செல்களுக்கு வலுவூட்டுகின்றன. எல்லாமாகச் சேர்ந்து கிருமிகளைச் சுற்றிச் சிறு முடிச்சு ஒன்றை அமைக்கின்றன. இதற்குக் கிரானுலோமா என்று பெயர். பெரும்பாலோரிடம் கிருமி இதற்குள் அடைபட்டுக் கிடக்கும். இவர்களுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, இவர்களிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. இந்நிலை 'உறங்குநிலைத் தொற்று' எனப்படும்.

தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதத்தினருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படுகிறது. உணவுக் குறைபாடு, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று, புகைப்பழக்கம், மதுப்பழக்கம் ஆகியவை இந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிலிக்கா தூசியும் இப்பட்டியலில் உண்டு. கல் உடைத்தல், உலோக வார்ப்படம், மணல் பீய்ச்சித் தேய்த்தல் போன்ற வேலைகளில் எழும் இத்தூசி பெருவிழுங்கு செல்களைச் சேதப்படுத்துகிறது. தொழிற்பகுதிகளில் வாழும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமியை இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருள்கள் எளிதில் எட்ட முடியாது. காசநோயில் முதன்மைப் பங்கு வகிப்பது டி-செல்களைச் சார்ந்த செல்வழித் தடைக்காப்பு. இந்நோய்க்கு நல்ல தடுப்பூசி செய்வது கடினமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடுப்பூசி உருவான விதம்

பி.சி.ஜி. என்பது 'பாசில் கால்மெட்-கெரின்' என்பதன் சுருக்கம். ஆல்பர்ட் கால்மெட், கமீய் கெரின் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் லில் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் 1908-இல் வேலையைத் தொடங்கினர். அவர்கள் எடுத்துக்கொண்டது மனிதக் காசநோய்க் கிருமி அன்று. அதன் நெருங்கிய உறவான, மாடுகளுக்கு நோய் தரும் மைக்கோபாக்டீரியம் போவிஸ். மாட்டின் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்கு ஊடகத்தில் அதை வளர்த்து, சுமார் மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதிய ஊடகத்துக்கு மாற்றிக்கொண்டே வந்தனர். முதல் உலகப் போர்க் காலத்திலும் பணி நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை மாற்றிய பிறகு, அந்தக் கிருமி விலங்குகளுக்கு நோய் உண்டாக்கும் ஆற்றலை இழந்திருந்தது. 1921-இல் பாரிசில் ஒரு பச்சிளம் குழந்தைக்கு வாய்வழியாக முதன்முதலில் இது கொடுக்கப்பட்டது.

உயிருள்ள கிருமியின் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசியாக்கும் இம்முறையில் பயன்பட்டது இயற்கைத் தேர்வுதான். சொகுசான ஊடகத்தில் வளரும் கிருமிக்கு நோய் உண்டாக்கும் ஜீன்கள் தேவைப்படுவதில்லை. அவற்றை இழந்த செல்களும் அங்கே நன்றாகவே பெருகும். எந்த ஜீன்கள் போயின என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 1990-களில் டி.என்.ஏ. ஒப்பீட்டின் மூலம்தான் அது தெரிந்தது. 'ஆர்.டி.1' என்று பெயரிடப்பட்ட ஒரு பகுதி பி.சி.ஜி.யில் முழுவதுமாக இல்லை. இந்தப் பெயரைக் கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் பார்ப்போம்.

ஆய்வுக்கு முன்பிருந்த ஐயம்

இந்தியாவில் பி.சி.ஜி. 1948-இல் அறிமுகமானது. தடுப்பூசியைத் தயாரிக்கும் ஆய்வகம் சென்னை கிண்டியில் அமைந்தது. 1951 முதல் நாடெங்கும் பெருந்திரள் இயக்கமாக ஊசி போடப்பட்டது. அதற்கு எதிர்ப்பும் சென்னையில் வலுவாக இருந்தது. 1950-களின் நடுவில் இராஜாஜி இதை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார்.

அறிவியல் உலகிலும் தெளிவு இல்லை. பிரிட்டனில் 1950-இல் தொடங்கி பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுச் சிறுவர் சிறுமியரிடம் நடத்திய ஆய்வில் பாதுகாப்பு 75 சதவீதத்துக்கும் மேல். அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் அதே ஆண்டு தொடங்கிய ஆய்விலோ 14 சதவீதம் மட்டுமே. ஒரே தடுப்பூசிக்கு இரு விடைகள். காசநோய் மிகுந்த இந்தியாவில் விடை என்ன? கோடிக்கணக்கானோருக்குப் போடும் ஊசி என்பதால், ஐயத்துக்கு இடமில்லாத ஓர் ஆய்வு தேவைப்பட்டது.

ஆய்வு நடந்த விதம்

சேர்க்கை 1968 ஜூலையில் தொடங்கி 1971 மார்ச் வரை நடந்தது. வீடு வீடாகச் சென்று 3,66,625 பேரைப் பதிவு செய்தனர். அவர்களில் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. பிறந்து ஒரு மாதம் நிறைந்தவர் முதல் முதியவர் வரை இதில் அடங்குவர். ஒரு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் சேர்க்கப்படவில்லை. இதை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டும்.

ஆய்வின் அமைப்பில் மூன்று கூறுகள் உண்டு.

ஒப்பீட்டுக் குழு: எல்லோருக்கும் பி.சி.ஜி. போடவில்லை. சிலருக்குத் தடுப்பூசிச் சரக்கு எதுவும் இல்லாத போலி ஊசி போடப்பட்டது. பி.சி.ஜி.யிலும் இரண்டு வகைகள், ஒவ்வொன்றிலும் கூடுதல் அளவு, குறைந்த அளவு என இரண்டு அளவுகள் பயன்பட்டன.

சமவாய்ப்பு ஒதுக்கீடு: யாருக்கு எந்த ஊசி என்பதை மருத்துவரோ ஊர்ப் பெரியவரோ தீர்மானிக்கவில்லை. குலுக்கல் போன்ற முறையில் அது அமைந்தது. இதனால் வயது, உணவு, வீட்டு நிலை எல்லாம் குழுக்களுக்கிடையே சமமாகப் பரவிவிடும். எஞ்சும் வேறுபாடு ஊசி ஒன்றுதான்.

இரட்டை மறைப்பு: தமக்குக் கிடைத்தது எது என்று ஊசி போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது, பின்னர் நோயைக் கண்டறியும் பணியாளருக்கும் தெரியாது. எதிர்பார்ப்பு முடிவைச் சாய்த்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

சேர்க்கையின்போது டியூபர்குலின் சோதனையும் செய்யப்பட்டது. கிருமியிலிருந்து எடுத்த புரதத்தைத் தோலுக்குள் சிறிதளவு செலுத்தி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தடிப்பின் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்பது இச்சோதனை. ஏற்கெனவே தொற்று ஏற்பட்டவரின் டி-செல்கள் அப்புரதத்தை அடையாளம் கண்டு அங்கே திரள்வதால் தடிப்பு உண்டாகிறது. தடிப்பு 0 முதல் 7 மி.மீ. வரை இருந்து, மார்பு எக்ஸ்ரேயும் இயல்பாக இருந்தவர்கள் 'தொற்று இல்லாதவர்கள்' எனக் கொள்ளப்பட்டனர். அவர்கள் 1,09,873 பேர். தடுப்பூசியின் பயனை அளக்க முதன்மையாகப் பயன்பட்டது இந்தக் குழுதான்.

பிறகு தொடர் கண்காணிப்பு. இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை மொத்த மக்களிடமும், நோய் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களிடம் பத்து மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதனை நடந்தது. அரசு மருத்துவ நிலையங்களுக்கு வந்த நோயாளிகளும் கணக்கில் எடுக்கப்பட்டனர். சளியில் கிருமி உறுதியானால்தான் நோய் என்று எழுதினர். இப்படி 15 ஆண்டுகள்.

முடிவு

தடுப்பூசியின் பாதுகாப்பைக் கணக்கிடும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். போலி ஊசி போட்ட 10,000 பேரில் 50 பேருக்கும், தடுப்பூசி போட்ட 10,000 பேரில் 10 பேருக்கும் நோய் வந்தால், தடுக்கப்பட்டவை 40. அது 50-இல் 80 சதவீதம். எனவே பாதுகாப்பு 80 சதவீதம். இந்த எண்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டும்.

திருவள்ளூர் வட்டாரத்தில் கண்டது இப்படி இல்லை. முதல் ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் அறிக்கை 1979-இல் வெளிவந்தபோதே, குழுக்களுக்கிடையே தடுப்பூசிக்குச் சாதகமான வேறுபாடு தென்படவில்லை. 15 ஆண்டு அறிக்கை 1999-இல் வெளியானது. தொற்று இல்லாத 1,09,873 பேரில் 560 பேருக்கு உறுதியான நுரையீரல் காசநோய் வந்திருந்தது. கூடுதல் அளவு பி.சி.ஜி., குறைந்த அளவு பி.சி.ஜி., போலி ஊசி ஆகிய மூன்று குழுக்களிலும் நோய் ஏறத்தாழ ஒரே வீதத்தில்தான் இருந்தது. சிறுவயதில் ஊசி போட்டவர்களிடம் 27 சதவீதம் என்ற சிறு பாதுகாப்பு தென்பட்டது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்னும் அளவுக்கே சான்று இருந்தது. பெரியவர்களிடம் பயன் இல்லை.

மண்ணிலும் நீரிலும் வாழும் உறவினர்கள்

பிரிட்டனில் பயன் தந்த ஊசி இங்கே ஏன் தரவில்லை? இதற்கான விடையைத் தேடும்போது நாம் சூழ்நிலை மண்டலப் பாடத்துக்கு வருகிறோம்.

மைக்கோபாக்டீரியம் என்பது ஒரு பெரிய பேரினம். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உண்டு. காசநோய், தொழுநோய்க் கிருமிகள் அவற்றுள் சிலவே. பெரும்பாலானவை மண், குளம், சேறு, தூசி, குடிநீர்க் குழாயின் உட்சுவர் போன்ற இடங்களில் சாறுண்ணிகளாக வாழ்கின்றன. மட்கும் பொருள்களில் இருந்து உணவு பெறும் இவை சிதைப்பவை என்ற நிலையைச் சேர்ந்தவை. வெப்பம், ஈரம், மண்ணின் அமிலத்தன்மை ஆகிய உயிரற்ற காரணிகளைப் பொறுத்து இவற்றின் வகையும் எண்ணிக்கையும் மாறும்.

நெல் வயலும் ஏரியும் கிணறும் நிறைந்த, ஆண்டு முழுவதும் வெப்பமான ஊரில் மக்கள் பிறந்த நாளிலிருந்தே இவற்றைத் தொட்டும், குடித்தும், மூச்சில் இழுத்தும் வாழ்கின்றனர். ஆய்வுப் பகுதியின் மண், நீர், தூசி, மக்களின் சளி ஆகியவற்றிலிருந்து இத்தகைய சூழல் மைக்கோபாக்டீரியங்களைச் சென்னை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1994-இல் வெளியிட்டனர். சூழல் இனங்களின் புரதத்தைக் கொண்டு செய்த தோல் சோதனையிலும் இப்பகுதி மக்களிடம் எதிர்வினை மிகப் பரவலாகக் காணப்பட்டது. அதாவது, ஊசி போடும் முன்பே பெரும்பாலோரின் டி-செல்கள் இந்தப் பேரினத்தோடு அறிமுகமாகியிருந்தன.

இந்த அறிமுகம் பி.சி.ஜி.யின் வேலையை இரண்டு வழிகளில் பாதித்திருக்கலாம்.

மறைத்தல்: சூழல் இனங்களே ஓரளவு தடைக்காப்பைக் கொடுத்துவிடுகின்றன. பாதுகாப்பே இல்லாத 100 பேருக்கு நோய் வரும் இடத்தில், சூழல் அறிமுகத்தால் 50 பேருக்கே வருகிறது என்று கொள்வோம். பி.சி.ஜி.யும் அதே அளவு பாதுகாப்பைத்தான் தரும் என்றால், ஊசி போட்டாலும் 50, போடாவிட்டாலும் 50. ஒப்பிட்டால் வேறுபாடு சுழி. பாதுகாப்பு இல்லாமல் இல்லை, ஒப்பீட்டில் தெரியாமல் மறைந்துவிடுகிறது.

தடுத்தல்: பி.சி.ஜி. உயிருள்ள கிருமி. உடலுக்குள் சிறிது பெருகினால்தான் அது டி-செல்களுக்குப் போதிய பயிற்சி தர முடியும். முன்னரே அறிமுகமான தடைக்காப்பு அமைப்பு அதைப் பெருக விடாமல் விரைவில் அழித்துவிட்டால் பயிற்சி நடப்பதில்லை.

இக்கருத்துக்கு வலுவூட்டும் செய்திகள் உண்டு. பிரிட்டன் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் வலுவான அளவு டியூபர்குலினுக்கும் எதிர்வினை காட்டாதவர்கள். சூழல் இனங்களோடு அறிமுகமானவர்களும் அங்கே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிட்டனர். மேலும், உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய நாடுகளில் பி.சி.ஜி.யின் பயன் கூடுதலாகவும், அதை ஒட்டிய நாடுகளில் குறைவாகவும் இருப்பது தெரிந்தது. ஆயினும் இது ஒன்றே காரணம் என்று முடிவு கட்டிவிடவில்லை. தடுப்பூசி வகைகளின் வேறுபாடு, மீண்டும் மீண்டும் தொற்று ஏற்படும் சூழல், ஊட்டநிலை, மரபு வேறுபாடு ஆகியவையும் விளக்கங்களாக முன்வைக்கப்படுகின்றன.

முடிவை எப்படிப் படிக்க வேண்டும்?

ஓர் ஆய்வு தன்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்குத்தான் விடை சொல்லும். இங்கே கேட்ட கேள்வி, 'சளியில் கிருமி வெளிப்படும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கிறதா?' என்பது. பிறந்தவுடன் போடும் ஊசி பற்றி இந்த ஆய்வு கேட்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகள் பற்றியும் கேட்கவில்லை.

அந்தக் கொடிய வகைகள் இரண்டு. மூளை உறையைத் தாக்கும் காசநோய் ஒன்று. கிருமி இரத்தத்தில் கலந்து உடலெங்கும் தினை மணிபோல் பரவும் காசநோய் மற்றொன்று. சிறு குழந்தைகளின் டி-செல்கள் முதிர்ச்சியடையாததால் கிரானுலோமா சரியாக அமையாமல் கிருமி நுரையீரலை விட்டு வெளியேறுகிறது. இவ்விரு வகைகளுக்கும் எதிராக பி.சி.ஜி. 70 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்புத் தருகிறது என்பது வேறு பல ஆய்வுகளின் தொகுப்பில் உறுதியானது. பச்சிளம் குழந்தை இன்னும் மண்ணோடும் நீரோடும் அறிமுகமாகவில்லை என்பதும் இங்கே பொருந்துகிறது.

இதனால்தான் செங்கல்பட்டு முடிவுக்குப் பிறகும் இந்தியா பி.சி.ஜி.யைக் கைவிடவில்லை. பிறந்த குழந்தைக்கு இடது மேற்கையில் தோலுக்குள் போடும் ஊசியாக அது தொடர்கிறது. அதன் நோக்கம் குழந்தையை மூளைக் காசநோயிலிருந்தும் பரவும் காசநோயிலிருந்தும் காப்பது. 20 வயதில் வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதாக அது உறுதி தரவில்லை. நோயைப் பரப்புவது பெரும்பாலும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயே என்பதால், பி.சி.ஜி.யால் மட்டும் ஊரில் நோய்ப் பரவலை நிறுத்த முடியாது.

பிறகு திருவள்ளூரில் நடந்தது

ஊசியால் பரவலை நிறுத்த முடியாது என்றால் எதனால் முடியும்? இதற்கான ஒரு விடையும் இதே மாவட்டத்தில் கிடைத்தது.

சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் வேதி மருத்துவ மையம், வீட்டிலேயே மாத்திரை உட்கொண்டவர்களும் சானடோரியத்தில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகின்றனர் என்று 1959-இல் காட்டியது. வீட்டில் இருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாக வரவும் இல்லை. மருந்து தொடங்கினால் தொற்றும் தன்மை விரைவில் குறைகிறது என்பது இதன் பொருள். அம்மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

இந்நிறுவனத்தின் துணையோடு 1999 முதல் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில், நோயாளி மருந்து விழுங்குவதை ஒருவர் நேரில் பார்த்து உறுதிசெய்யும் சிகிச்சை முறை நடைமுறைக்கு வந்தது. தொடர்ந்து எடுத்த கணக்கெடுப்புகளில், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மக்களிடையே நுரையீரல் காசநோய் சுமார் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்குப் பின் எடுத்த கணக்கெடுப்பில் அது மீண்டும் சற்று ஏறியது. நோயாளியை விரைவில் கண்டறிந்து மருந்தை முழுமையாகக் கொடுப்பது பரவலைக் குறைக்கும். அந்த வேலை தளர்ந்தால் நோய் திரும்பும்.

உணவின் பங்கும் இப்போது அளந்து காட்டப்பட்டுள்ளது. ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான உணவுப் பொருள்கள் கொடுத்தபோது அவர்களிடையே காசநோய் 39 சதவீதம் குறைந்தது.

இன்றைய உயிர்த்தொழில்நுட்பம்

1998-இல் காசநோய்க் கிருமியின் மரபுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. அது ஏறத்தாழ 44 லட்சம் கார இணைகளும் சுமார் 4,000 ஜீன்களும் கொண்டது. அதன் பிறகு மூன்று துறைகளில் பயன் கிடைத்தது.

நோயறிதல்: பி.சி.ஆர். முறையில் கிருமியின் டி.என்.ஏ. துண்டைப் பல மடங்கு பெருக்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சளியில் கிருமி உள்ளதா என்று சொல்ல முடிகிறது. ஆர்.பி.ஓ.பி. என்னும் ஜீனில் மாற்றம் இருக்கிறதா என்பதையும் அதே சோதனை காட்டும். மாற்றம் இருந்தால் ரிஃபாம்பிசின் மருந்து அந்தக் கிருமியிடம் பலிக்காது. இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவியும் இவ்வகையே. சளியை வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்த காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தோல் சோதனை: பழைய டியூபர்குலின் புரதங்களில் பல, காசநோய்க் கிருமிக்கும் பி.சி.ஜி.க்கும் சூழல் இனங்கள் பலவற்றுக்கும் பொதுவானவை. அதனால் தடிப்பு எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். முன்னர் கண்ட ஆர்.டி.1 பகுதியின் இரண்டு புரதங்கள் பி.சி.ஜி.யில் இல்லை, பெரும்பாலான சூழல் இனங்களிலும் இல்லை. மறுசேர்க்கை டி.என்.ஏ. முறையில் இப்புரதங்களைத் தயாரித்துச் செய்யும் புதிய தோல் சோதனையை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. 1968-இல் திருவள்ளூரில் எழுந்த குழப்பத்துக்கு இது ஒரு தீர்வு.

புதிய தடுப்பூசி: எம்72 என்னும் புரதத் தடுப்பூசி, ஏற்கெனவே உறங்குநிலைத் தொற்று உள்ள பெரியவர்களிடம் நோயைச் சுமார் 50 சதவீதம் குறைத்ததாக இடைநிலை ஆய்வில் தெரிந்தது. 2024-இல் அதன் பெரிய ஆய்வு பல நாடுகளில் தொடங்கியது. அந்த ஆய்விலும் சமவாய்ப்பு ஒதுக்கீடு, போலி ஊசி, இரட்டை மறைப்பு ஆகியவை உண்டு.

மீள்பார்வை வினா விடை

1. காசநோயில் எதிர்ப்பொருள்களைவிட டி-செல்கள் முக்கியமாவது ஏன்?
கிருமி பெருவிழுங்கு செல்களுக்குள் ஒளிந்து வாழ்கிறது. எதிர்ப்பொருள்கள் அங்கே எளிதில் எட்ட முடியாது. டி-செல்களின் வேதிப்பொருள்களே அச்செல்களுக்குக் கிருமியை அடக்கும் வலுவைத் தருகின்றன.

2. தொற்றுக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாடு என்ன?
உறங்குநிலைத் தொற்றில் கிருமி கிரானுலோமாவுக்குள் அடைபட்டிருக்கும், அறிகுறி இல்லை, பிறருக்குப் பரவாது. நோயில் கிருமி பெருகி வெளிப்படும், பரவும்.

3. பி.சி.ஜி. எவ்வகைத் தடுப்பூசி?
வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியால் ஆனது. மூலம் மைக்கோபாக்டீரியம் போவிஸ்.

4. போலி ஊசிக் குழு இல்லாமல் ஆய்வு நடந்திருந்தால் என்ன குறை?
நோய் குறைந்தாலும் கூடினாலும் அது ஊசியாலா, உணவு, வாழ்நிலை மாற்றத்தாலா என்று பிரித்தறிய முடியாது.

5. சூழ்நிலை மண்டலம் ஒரு தடுப்பூசியின் பயனை எப்படி மாற்றும்?
மண்ணிலும் நீரிலும் உள்ள உறவுக் கிருமிகள் தடைக்காப்பு அமைப்பை முன்கூட்டியே பழக்கிவிடலாம். இதனால் தடுப்பூசியின் பயன் மறைக்கப்படவோ தடுக்கப்படவோ கூடும்.

6. கையில் பி.சி.ஜி. தழும்பு உள்ள ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது என்ன?
தழும்பை நம்பி இருந்துவிடாமல் சளிப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, சளியில் இரத்தம் ஆகியவை இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவும் தேவையில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்தைத் தொடங்கியவர், உடல் தேறிவிட்டதாகத் தோன்றினாலும், மருத்துவர் சொன்ன காலம் முடியும் வரை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் எஞ்சிப் பெருகும்.